கிராணி கிழங்கு

ஈப்போ சந்தையில் போய் வெறுமனே உருளைக்கிழங்கு என்று கேட்டால் காய்கறிக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். எந்தக் கிழங்கு என்று சொல்ல வேண்டும். ஹாலந்து கிழங்கா, சைனா கிழங்கா, பங்களா கிழங்கா? கூடைக்கு ஒரு நாடாக அடுக்கி வைத்திருப்பார். ஹாலந்து என்று எழுதிய கூடையில் இருப்பது உண்மையிலேயே ஹாலந்திலிருந்துதான் வந்ததா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "அக்கா, பாக்க ஹாலந்து மாதிரி இருக்கும். அவ்ளதான்லா," என்றார். வெங்காயத்துக்கும் அதே கதைதான். பம்பாய் வெங்காயம் என்று நாங்கள் சொல்வது பம்பாயைக் கண்ணால் பார்த்திருக்காது. நான் வாங்கும் மைசூர் பருப்பு மூட்டையில் ஆஸ்திரேலியா என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அதைப் பிரித்துக் கொட்டும்போதும் மைசூர் பருப்பு என்றுதான் சொல்கிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவள் நான். சாப்பாட்டுப் பேர்கள் எப்படி விழுகின்றன என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். விற்கிறவன் ஒரு பேர் வைப்பான். தின்கிறவன் ஒரு பேர் வைப்பான். சமைத்தவளை யாரும் கேட்பதில்லை.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆள் எதை விடாமல் கேட்கிறாரோ, அந்தச் சாப்பாடு அவர் பேரில் போய்விடும். பக்கத்து இரும்புக்கடைச் சீனர் தினமும் ஒரு கிளாஸ் ரசம் வாங்கி நின்றபடியே குடிப்பார், கொத்தமல்லித் தழை மட்டும் ஆகாது. அதனால் தழை போடாத ரசத்துக்குப் பேர் தவ்க்கே ரசம். தவ்க்கே என்றால் இங்கே சீன முதலாளி. மேரு என்ற ஊர்ப் பக்கமிருந்து வரும் போலீஸ்காரர் ஒருவருக்கு மீன் கருகக் கருக இருக்க வேண்டும். அது போலீஸ் மீன். அவர் மாற்றலாகிப் போய்ப் பல காலமாகிறது. இன்றைக்கும் "ஒரு போலீஸ் மீன்" என்று நான் குரல் கொடுத்தால் அடுப்படியில் மீனை இன்னும் கொஞ்சம் நேரம் எண்ணெயில் விடுவார்கள்.

ஒட்டிய பேர் லேசில் உரியாது. இந்த ஈப்போ என்பதே ஒரு விஷ மரத்தின் பேர்தான். அதற்காக யாராவது இங்கே குடிவர யோசித்தார்களா? தஞ்சோங் ரம்புத்தான் பாவம், பழத்தின் பேரை வைத்துக்கொண்டிருக்கிற ஊர். ஆனால் அங்கே பெரிய மனநல ஆஸ்பத்திரி வந்ததிலிருந்து அந்தப் பேரைச் சொன்னால் இந்த நாட்டில் யாருக்கும் பழம் ஞாபகம் வராது. பிள்ளைகள் சண்டை போட்டால் "உன்னத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று நானே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று அப்போது நினைத்ததில்லை. இப்போது நினைக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு கிழங்குக் கறி.

நான் பிறந்தது ரப்பர் தோட்டத்தில். அந்தத் தோட்டம் இப்போது கிடையாது. ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள், செம்பனையை அழித்து வீடு கட்டினார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ஒழுகும் லயத்து வரிசை வீட்டில் வாளி வைத்துத் தூங்கியவர்களுக்கு அந்த ஏக்கமெல்லாம் வராது. எங்களுக்குக் கிழங்கு என்றால் மரவள்ளிதான், வேறு பேர் சொல்லத் தேவையில்லை. உருளைக்கிழங்கு தீபாவளிக்கு ஆட்டுக்கறிக்குள் ஒளிந்துகொண்டு வரும். மற்ற நாளில் அது கிராணி வீட்டுச் சாமான்.

கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் கணக்கப்பிள்ளை. துரைக்குக் கீழே, எங்களுக்கு மேலே. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கிராணிகள் பெரும்பாலும் சிலோன்காரர்கள். டவுனிலிருந்து வேன் வரும்போது அவர் வீட்டு வாசலில் உருளைக்கிழங்கு இறங்கும். லயத்துப் பிள்ளைகள் நாங்கள் தூரத்தில் நின்று பார்ப்போம். அதற்கு நாங்கள் வைத்த பேர் கிராணி கிழங்கு.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். அம்மா பெரட்டுக்குப் பிந்திப் போய்விட்டார். பெரட்டு என்பது விடியுமுன் ஆள் எடுத்து வேலை பிரித்துக் கொடுப்பது. எங்கள் கிராணி தலையை நிமிர்த்தாமலே "வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டார். அன்றைய வேலை போயிற்று. அம்மா திரும்பி வந்து காலி ரப்பர் பால் வாளியை வாசலில் ணங்கென்று வைத்தார். திட்டவில்லை, அழவில்லை, எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அம்மா அதைப் பிறகு மறந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். நான் மறக்கவில்லை. சிலோன்காரர்கள் யாராவது நன்றாக உடுத்திக்கொண்டு எதிரே வந்தால், எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், அந்த வாளிச் சத்தம் எனக்குக் கேட்கும்.

டீச்சருக்கு அதெல்லாம் தெரியாது.

டீச்சர் என்று நான் சொல்வது, கணவர் இறந்த பிறகு என் கடைக்குச் சாப்பிட வர ஆரம்பித்த ஓர் அம்மாவை. அரசாங்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், பேச்சில் இன்னும் அந்த ராகம் இருக்கும். சிம்பாங் பூலாய் பக்கம் தனி வீட்டில் இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். கூட்டம் சேருமுன் வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிடுவார். "பிள்ளை, இண்டைக்கு உன்ட சாம்பார் திறம்" என்பார். ஐம்பது தாண்டிய என்னைப் பிள்ளை என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம். எனக்கு அது பிடித்திருந்தது. வாளிச் சத்தம்கூட அவரிடம் கேட்கவில்லை, முதலில்.

அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகும் கை பழையபடி பிடிப்புக்கு வரவில்லை. பேனா பிடிக்கலாம், சட்டி பிடிக்க முடியாது. ஒருநாள் சாப்பிட்டு முடித்துவிட்டு எழாமல் உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளை, உனக்கு ஒரு கறி சொல்லித் தாறன். அம்மாட கறி. இனி என்னாலே செய்ய ஏலாது. நீ செய்தா நான் வந்து சாப்பிடுவன்."

அதுதான் அவர் என்னிடம் கேட்ட ஒரே காரியம்.

என் அடுப்படிக்குள் வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். உருளைக்கிழங்கைத் தோலோடு சோற்றுப் பானைக்குள்ளேயே போட்டு அவிக்க வேண்டும். தனியாக அவித்தால் ஆகாதாம். அதற்காகவே ஒரு சின்னப் பானையில் சோறு வடித்தேன். கத்தி படக்கூடாது, சூட்டோடு உரித்துக் கையால் உடைக்க வேண்டும். சின்ன வெங்காயம், செத்தல் என்று அவர் சொன்ன காய்ந்த மிளகாய், பெருஞ்சீரகம், நிறையக் கறிவேப்பிலை, கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால், இறக்கி வைத்து எலுமிச்சம் புளி. முதல் நாள் "இது வேறை" என்றார். அடுத்த தரம் "கிட்ட வந்திட்டுது" என்றார். பிறகு ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார். மிளகாய் காரம் என்றார். நான் போட்ட மிளகாய் எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா?

அன்றுதான் சொன்னார், பேச்சோடு பேச்சாக. "அப்பா தோட்டத்திலே கிராணியா இருந்தவர். தாப்பா டவுனிலையிருந்து உள்ளுக்கு."

"அப்படியா டீச்சர்," என்றேன். எங்கள் தோட்டமில்லை, எங்கள் கிராணியுமில்லை. ஆனாலும் எனக்குள் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. வாளிச் சத்தம் கேட்டது.

கடை வழக்கப்படி அடுப்படியில் அந்தக் கறிக்கு டீச்சர் கிழங்கு என்று பேர் விழுந்தது. டீச்சருக்கு அது தெரிய வந்தபோது சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "என்ட பேரிலையோ? அம்மாட பேரிலை எல்லோ இருக்கோணும்" என்றார். அம்மா பேரைச் சொல்லவும் செய்தார். அதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. சோறு கேட்டு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

என் மகள்தான் கடையை ஃபோனுக்குள் கொண்டுவந்தவள். வீட்டிலிருந்தே ஆர்டர் போடுவதற்கு ஒரு ஆப். அதில் ஒவ்வொரு கறிக்கும் படமும் பேரும் வேண்டும். கிழங்கு வந்தபோது அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"டீச்சர் கிழங்குன்னா யாருக்கும்மா புரியும்? கேட்டா ஒடனே ஆர்டர் பண்ற மாதிரி இருக்கணும்லா."

"கிராணி கிழங்குன்னு போடு," என்றேன்.

அவள் கைதட்டிச் சிரித்தாள். மலாயிலும் அது பொருந்திப் போயிற்று, கெந்தாங் கெரானி. பலகையிலும் எழுதினோம். யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படியில்லை. அந்தப் பேர் வாயில் வந்த அந்த நிமிஷம் டீச்சர் முகமும் எனக்கு ஞாபகம் வந்தது. வந்தும் சொன்னேன். சொல்லும்போது இனித்தது.

அதோடு விட்டேனா? எனக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். சாப்பாட்டுக் கடைகளை வீடியோ எடுத்துப் போடுகிற ஒருவன் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தான். இந்தப் பேர் எப்படி வந்தது அக்கா என்று கேட்டான். நான் கரண்டியும் கையுமாக, "எஸ்டேட்ல நாங்க மரவள்ளி தின்னோம், கிராணி வீட்ல உருளக்கெழங்கு தின்னாங்க. அப்பக் கிராணிய ஒண்ணும் பண்ண முடியல. இப்பக் கெழங்கையாவது நசுக்குவோம்னு நசுக்கிட்டோம்," என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். வீடியோ எங்கெங்கோ போயிற்று. தோட்டத்தில் பிறந்து இப்போது கோலாலம்பூரில் பெரிய வேலையில் இருப்பவர்கள்கூடக் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். "அக்கா, சரியாச் சொன்னீங்க!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்குக் கொம்பு முளைத்த மாதிரி இருந்தது.

டீச்சர் வழக்கம்போல் கூட்டத்துக்கு முன்னால் வந்தார். பலகையைப் படித்தார்.

"இது அந்தக் கிழங்குதானோ?"

"ஆமா டீச்சர். சும்மா ஜோக்குக்குத்தான். வீடியோ பாத்தீங்களா?"

"பார்த்தன்," என்றார்.

உட்கார்ந்து, வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சமில்லை. கையைக் கழுவிக்கொண்டு "வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஒரு வார்த்தை சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்த வசதியை அவர் எனக்குக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வரவில்லை. மழை என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போயிருப்பார் என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்கு அது மின்விசிறிக்குக் கீழே இருக்கிற நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் குறுகுறுத்தது. கிழங்கை உடைக்கும்போது இன்னும் மோசம். அந்தக் கறியை இந்த ஊரில் வேறு யாரும் செய்வதில்லை. அவராலும் செய்ய முடியாது. தான் சாப்பிட வேண்டும் என்று எனக்குக் கொடுத்தார். நான் ஊருக்கெல்லாம் போட்டுவிட்டு அவர் ஒருவரை எழுப்பி அனுப்பியிருக்கிறேன்.

கடைசியில் ஒரு தூக்குப் பாத்திரத்தில் கிழங்கைப் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், "வாங்கோ, இருங்கோ," என்றார். பழையபடி பிள்ளை என்றும் இல்லை, நீ என்றும் இல்லை. நான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தேன். தேநீர் கொண்டுவந்தார், இடது கையால். நான் எழுந்து வாங்கப் போனேன், விடவில்லை.

"டீச்சர், உங்கப்பாவ நான் கிண்டல் பண்ணல. எங்க தோட்டத்துக் கிராணிய நெனச்சித்தான் சொன்னேன். மனசுல வச்சிக்காதீங்க," என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு இது. எங்கள் அம்மா கதை, வாளி, பெரட்டு எல்லாம் சொன்னேன். நியாயம் என் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது என்று காட்டத்தான், வேறென்ன?

அவர் முழுதும் கேட்டார்.

"அப்பா நல்லவர் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை," என்றார். "உங்கட அம்மாவுக்குச் செய்ததை எங்கட அப்பாவும் ஆருக்காவது செய்திருப்பார். வீட்டிலையும் அவர் அப்பிடித்தான்."

பிறகு சொன்னது இது. அவருடைய அப்பாவுக்குத் தட்டில் மீனோ இறைச்சியோ இருக்க வேண்டும். வெறும் கிழங்கு வைத்தால், "என்னை லயத்துக்காரன் எண்டு நினைச்சியோ?" என்று தட்டைச் சுவரில் எறிவாராம். நாங்கள் லயத்தில் நின்று கிராணி கிழங்கு என்று வாயூறிக்கொண்டிருந்தோம். அங்கே ஒரு கிராணி அதை லயத்துத் தீனி என்று எறிந்துகொண்டிருந்திருக்கிறார். வேனில் இறங்கிய கிழங்கு இறைச்சிக் குழம்புக்கு. அதில் சிலதை டீச்சருடைய அம்மா ஒளித்து வைப்பார். அப்பா வெளியே போகிற நாளில் பிள்ளைகளுக்கு அந்தக் கறி. அவர் சொல்லாமல் திரும்பி வந்தாலும் அடுப்பில் சோறு மட்டும்தான் கொதிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் கிழங்கைச் சோற்றுப் பானைக்குள்ளே போட்டு அவித்தது. கத்தி எடுத்துப் பலகை வைத்து நறுக்க நேரமில்லாமல்தான் கையால் உடைத்தது. நான் அதையெல்லாம் ருசிக்கான பக்குவம் என்று எழுதி ஒட்டாத குறையாக எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நாங்கள் பிள்ளையள் அதுக்கு ஒரு பேர் வைச்சிருந்தம்," என்றார். "அப்பா இல்லாக் கறி."

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அம்மாவை அங்க ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிராணியம்மா. கடைசி மட்டும் அதுதான். அவவுக்கெண்டு இருந்தது அந்தக் கறி ஒண்டுதான். அதையும் நீங்கள் அவருக்கே குடுத்திட்டீங்கள்."

அவர் குரலை உயர்த்தவில்லை. எனக்கு அவருடைய அம்மாவின் பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஒருமுறை சொல்லியிருந்தார், நான் காதில் வாங்கவில்லை, இப்போது எந்த முகத்தோடு கேட்பது? "பேர மாத்திர்றேன் டீச்சர், இன்னைக்கே மாத்திர்றேன்," என்றேன். "உங்கட கடை, உங்கட விருப்பம்," என்றார். புறப்படும்போது என் தூக்குப் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அவர் வீட்டு மரத்துக் கறிவேப்பிலை ஒரு கொத்து இருந்தது. அந்த மனத்தாங்கலிலும் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து அழுதேன்.

பலகையை அன்றே அழித்தேன். டீச்சர் கிழங்கு என்று எழுதினேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வருகிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு, "அக்கா, கிராணி கிழங்கு இல்லையா இன்னைக்கு?" என்றார்கள். இதுதான் அது என்றால், "ஓ, கிராணி கிழங்குதானா, சரி அதுல ஒண்ணு புங்குஸ்" என்று கட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். அடுப்படியிலும் அதே பேர். நான் திருத்தினால் ஒரு மணி நேரம் சரியாகச் சொல்வார்கள். கூட்டம் வந்துவிட்டால் வாய்க்குப் பழகினதுதான் வரும். என் வாய்க்கும் அப்படித்தான்.

மகளிடம் ஆப்பில் மாற்றச் சொன்னேன்.

"மாத்தலாம்மா. ஆனா ரிவியூ எல்லாம் அந்தப் பேர்லதான் இருக்கு. தேடுறவங்களும் கெந்தாங் கெரானின்னுதான் தேடுறாங்க. மாத்துனா ஆர்டர் விழுந்துரும், பரவால்லயா?"

பரவாயில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "தீபாவளி முடியட்டும், பாக்கலாம்," என்றேன். தீபாவளி முடிந்தது. பள்ளி விடுமுறை முடியட்டும் என்றேன். சீனப் பெருநாள் வந்தது, போனது. டீச்சர் என்ன ஆப்பில் ஆர்டர் போடப் போகிறாரா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்த கதை என்பார்கள். நான் வாலையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம். கடையில் நிற்க இடமில்லை. ஆப்பில் ஆர்டர் விழுந்தபடி இருந்தது. ஆர்டரில் வரும் கறிப் பேரை அச்சடிக்கும் மெஷின் ஸ்டிக்கராகக் கக்கிக்கொண்டே இருந்தது. அதைக் கிழித்து டப்பா மூடியில் ஒட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "உள்ள கிராணி கெழங்கு இன்னும் எவ்ளோ இருக்கு பாரு!" என்று கத்தினேன்.

"இருந்தா எனக்கும் கொஞ்சம் போடுங்கோ."

டீச்சர். வரிசையில் ஐந்தாறு பேருக்குப் பின்னால் நின்று தன் முறை வரட்டும் என்று காத்து வந்திருக்கிறார். இளைத்திருந்தார். வலது கையை இடது கை தாங்கிக்கொண்டிருந்தது.

"டீச்சர், ஒக்காருங்க. எல போடச் சொல்றேன்."

"இல்லை, கட்டித் தாங்கோ. இண்டைக்கு அம்மாட நினைவு நாள். ஒவ்வொரு வருஷமும் நான்தான் செய்து படத்துக்கு முன்னாலே வைக்கிறது. போன வருஷம் ஒரு மாதிரிச் சமாளிச்சன். இந்த வருஷம் கை இடம் குடுக்கேல்லை." இடது கையால் பையிலிருந்து காசை எடுத்தார். "வேறை எங்க போய் வாங்குறது?"

உள்ளே ஓடிப்போய் என் கையால் எடுத்து வைத்தேன். மேலே கறிவேப்பிலை போட்டேன். எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தேன். வெளியே கொண்டு வருவதற்குள், வேலை செய்கிற பெண் வழக்கப்படி டப்பாவை என் கையிலிருந்து வாங்கினாள். மெஷினில் தொங்கிய ஸ்டிக்கரைக் கிழித்து மூடியில் பளிச்சென்று ஒட்டி, டீச்சர் கையில் கொடுத்துவிட்டாள்.

கெந்தாங் கெரானி. கறுப்பு எழுத்தில், பெரிசாக, மூடியின் நடுவில்.

"குடுங்க டீச்சர், இருங்க," என்று பிடுங்காத குறையாக வாங்கினேன். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். டப்பா சூடு, பசை பிடித்துக்கொண்டது. ஓரத்துத் தாள் மட்டும் நார் நாராக வந்தது, எழுத்து அப்படியே நின்றது. ஈரத் துணியால் தேய்த்தேன். பின்னால் நின்றவர்கள் என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். வேறு டப்பா எடுத்து மாற்றலாம் என்பதுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

டீச்சர் தன் இடது கையை நீட்டி டப்பாவை என்னிடமிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.

"விடுங்கோ," என்றார். "அம்மாவுக்கு மலாய் வாசிக்கத் தெரியாது."